ஆறு கொண்டுபோன மூன்று வண்டிகள்

கேளுங்கள். பாலங்கள் இல்லாத ஒரு காலத்தில், கடற்கரையிலிருந்து மலைநாட்டுக்கு உப்பு ஏற்றிப் போகும் வண்டிக் கூட்டம் ஒன்று இருந்தது. அதற்குத் தலைவன் ஆதன். கெட்டிக்காரன், முன்கோபி.

ஒரு மழைக்காலத்தில் அவர்கள் காட்டாற்றைக் கடக்கும்போது திடீரென்று வெள்ளம் வந்தது. மூன்று வண்டிகள் போயின. அவற்றை இழுத்த மாடுகள் போயின. கீரன் என்ற வண்டிக்காரனும் போனான்.

கரையேறியவர்கள் அழுதார்கள். அழுது ஓய்ந்ததும் பேசினார்கள்.

"விதி," என்றார் ஒருவர்.

"ஆற்றுத் தெய்வத்தின் கோபம்," என்றார் இன்னொருவர்.

"கீரனின் மாடுகள் மிரண்டுவிட்டன," என்றார் மூன்றாமவர்.

ஆதனுக்கு மூன்றுமே பிடித்திருந்தன. எதிலும் அவன் பெயர் இல்லை.

கீரனின் மனைவி வெண்ணி எழுந்து வந்தாள். "தலைவரே, யாரையும் தண்டிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. திரும்பும்போதும் இதே ஆற்றைத்தான் தாண்ட வேண்டும். வண்டியில் என் மகள் இருப்பாள். என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள்."

ஆதனின் முகம் சிவந்தது. கடுமையாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் நகரவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றவன், கடைசியில் சொன்னான்:

"மேற்கே மலை கறுத்திருந்தது. பார்த்தேன். சந்தைக்கு முந்திப் போகும் அவசரத்தில் வண்டிகளை ஆற்றில் இறக்கச் சொன்னேன்."

பிறகு முன்வண்டிக்காரன் மாறன் தலை குனிந்தபடி, "தண்ணீர் கலங்கி வந்தது. சொன்னால் நீங்கள் ஏசுவீர்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்," என்றான்.

கடைசி வண்டிக்காரன், "வண்டிகளைப் பிணைத்த கயிறு நைந்திருந்தது. நாளைக்கு மாற்றலாம் என்று விட்டுவிட்டேன்," என்றான்.

வெண்ணி மூவரையும் பார்த்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "இனி?" என்றாள்.

கயிறுகளை மாற்றினார்கள். "இனி ஆற்றங்கரையில் யார் நிற்கச் சொன்னாலும் கூட்டம் நிற்கும்," என்றான் ஆதன்.

திரும்பி வரும்போது வெண்ணியின் மகள், "நில்லுங்கள்!" என்றாள். நின்றார்கள். பொழுது சாயும்வரை வெள்ளம் வரவில்லை. பலர் முணுமுணுத்தார்கள். ஆதனுக்கும் கோபம் பொங்கியது. அடக்கிக்கொண்டு அவளிடம் போனான்.

"எதைப் பார்த்தாய், அம்மா?"

"தண்ணீரில் நுரை வந்தது."

"நல்லது. அடுத்த முறையும் சொல்."

அடுத்த முறை மாறன் நிறுத்தினான். அப்போதும் வெள்ளம் வரவில்லை. ஆதன் அவனிடமும் அதையேதான் சொன்னான்.

மூன்றாம் முறை, கூட்டத்தில் யாரோடும் அதிகம் பேசாத ஒரு கிழவர் கையைத் தூக்கினார். நின்றார்கள். கொஞ்ச நேரத்தில், வேரோடு மரங்களைப் புரட்டிக்கொண்டு ஆறு பாய்ந்து வந்தது. வண்டிகள் எல்லாம் கரையில் நின்றன. மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"அன்றும் இவ்வளவு எளிதாகத்தான் இருந்திருக்கும்," என்றாள் வெண்ணி.

ஆதன் மறுக்கவில்லை.

நடந்த தவறை ஒளிக்காமல் பேசுகிறவர்களுக்கே, அது மறுபடி நடக்காமல் காக்கும் வழி தெரியும்.