நீலாயி மறைத்த கட்டி

மழை மிகுந்த ஒரு காட்டில் நீலாயி என்றொரு கருமந்தி இருந்தது. அந்தக் காட்டிலேயே நீளமான வால் அதன் வம்சத்துக்குத்தான். "எங்கள் குடும்பத்தில் ஒரு குறை சொல்ல முடியுமா?" என்று போவோர் வருவோரிடமெல்லாம் நீலாயி கேட்கும்.

அதற்கு ஒரே குட்டி. பெயர் அரும்பு. அந்தரத்தில் வாலைச் சுழற்றித் திரும்பி, எட்டாத கிளையையும் அரும்பு எட்டிப் பிடித்துவிடும்.

ஒருநாள் பேன் பார்த்துக்கொண்டிருந்த நீலாயியின் விரலில், குட்டியின் வால் நடுவே ஒரு கட்டி தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவுதான், குழந்தைகளே.

"வலிக்கிறதா?"

"தாவும்போது மட்டும் கொஞ்சம், அம்மா."

நீலாயிக்குக் கவலை பிடித்தது. ஆனால் அந்தக் கவலையை முந்திக்கொண்டு வேறொரு பயம் வந்தது. 'காடே கூடிப் பேசுமே! நீலாயி வீட்டுக் குட்டிக்கு நோய் என்று சிரிக்குமே!'

உடனே கட்டியின்மேல் இலையை வைத்துக் கொடியால் சுற்றிக் கட்டியது. "யார் கேட்டாலும் முள் குத்திவிட்டது என்று சொல்."

ஒரு பௌர்ணமி போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அரும்பு துரும்பாய் இளைத்தது. பக்கத்து மரத்து மலையணிலுக்கு மனம் கேட்கவில்லை.

"அக்கா, பிள்ளை ஏன் இப்படிக் கரைகிறது? கரடி வைத்தியரிடம் காட்டலாமே. நானும் துணைக்கு வருகிறேன்."

"என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. நீ உன் கூட்டைப் பார்!" என்று நீலாயி சீறியது. அணில் முகம் வாடிப்போய்த் திரும்பியது.

மூன்றாம் பௌர்ணமி கழிந்த காலையில் அரும்பு ஒரு கிளைக்குத் தாவியது. எட்டவில்லை. பொத்தென்று தரையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் கொடி அறுந்து, எல்லோரும் பார்க்கும்படி கட்டி வெளியே தெரிந்தது. இப்போது அது விளாங்காய் அளவு.

நீலாயி ஓடிவந்து இரண்டு கையாலும் அதைப் பொத்தியது.

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு யானை வந்தது. "பிள்ளையை என் முதுகில் ஏற்று. கரடியின் குகைக்குப் போவோம்."

"வழியில் ஆறு பெருகிக் கிடக்கிறதே..."

"ஆற்றை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ பிள்ளையைப் பிடித்துக்கொள்."

கரடி கட்டியைத் தொட்டுப் பார்த்தது. "எத்தனை நாளாக இருக்கிறது?"

"நேற்றுத்தான்..." என்று தொடங்கிய நீலாயி குட்டியின் முகத்தைப் பார்த்தது. "மூன்று பௌர்ணமி ஆயிற்று" என்றது.

கரடி கட்டியை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தது.

"இது புற்றுநோய். உள்ளே வேர் விட்டிருக்கிறது. பிள்ளை பிழைத்துக்கொள்ளும், ஆனால் வாலை எடுத்தாக வேண்டும். தொடக்கத்திலேயே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருப்பேன்."

வால் போயிற்று. அதன்பிறகு குகையிலேயே தங்கி, நாள் தவறாமல் கசப்புச் சாறு. குடித்த அரும்புக்கு முடி கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது. தின்றதெல்லாம் வெளியே வந்தது. மலைக்கு அப்பால் பழுக்கும் ஒருவகை அத்திப்பழம் மட்டும் வயிற்றில் தங்கியது. இருவாச்சிப் பறவை தினமும் பறந்துபோய் அதைக் கொண்டுவந்தது. எந்த வாய்கள் பழி பேசும் என்று நீலாயி பயந்ததோ, அந்த வாய்களே பழம் சுமந்து வந்தன.

மலையணில் வாய் நிறைய இலவம்பஞ்சோடு வந்து, முடியில்லாத அந்த உடம்புக்கு மெத்தை போட்டது. நீலாயிக்குக் கண் நிறைந்தது.

"அன்று உன்னை அப்படிப் பேசிவிட்டேனே..."

"அது கிடக்கட்டும் அக்கா. பிள்ளையை இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கு. குளிர்காற்று அடிக்கிறது."

அடுத்த மழைக்காலம் வந்தது. அரும்பின் உடம்பில் கருகருவென்று புதுமுடி முளைத்தது. "நோய் போய்விட்டது. வீட்டுக்குக் கூட்டிப் போ" என்றது கரடி. காடே திரண்டு வந்து அவர்களை அழைத்துப்போனது.

மறுநாள் மற்றக் குட்டிகள் மரத்துக்கு மரம் தாவி விளையாடின. அரும்பும் கிளை நுனிவரை போயிற்று. அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, முதலிலேயே வைத்தியரிடம் காட்டியிருந்தால் என் வால் இருந்திருக்குமா?"

நீலாயிக்கு எத்தனையோ பொய்கள் தெரியும். ஒன்றையும் அது சொல்லவில்லை.

"இருந்திருக்கும், கண்ணே."

அரும்பு மரத்தைவிட்டு இறங்கியது. தரையில் நடந்துபோய் அடுத்த மரத்தில் ஏறத் தொடங்கியது. ஒரே தாவலில் அங்கே போய்விடக்கூடிய நீலாயியும் இறங்கி, அதன் பின்னாலேயே நடந்தது.

நீதி: ஊர்வாய்க்கு அஞ்சி நோயை மறைக்காதே, உதவ வரும் கைகளுக்கும் அது தெரியாமல் போய்விடும்.