பிளாக் ஆன முதல் ஆள்

ஒரே மணி நேரத்தில் எண்ணூறு பேர் வானமாமலையைத் திருடன் என்று எழுதிவிட்டார்கள். போன வாரம்வரை அவர் படத்துக்குச் சூடம் காட்டாத குறையாகக் கொண்டாடியதும் அதே ஆட்கள்தான். ஆறு மாதமாக அவர் தன் சேனலில் தூக்கிப் பிடித்த கிரிப்டோ காயின் படுத்துவிட்டது. அவர் போட்ட பணமும் சேர்ந்துதான் போனது. அதை யாரும் நம்பவில்லை. திட்டில் பாதி நியாயம் வேறு.

போனைத் தூக்கிக்கொண்டு பூங்கோதையிடம் ஓடினார். கேமரா முன்னால் பேச அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள். குருவுக்கு முப்பத்தொன்று, சீடருக்கு நாற்பத்தாறு. அதனால் குருதான் அண்ணே என்பாள்.

சேனலை அழித்துவிட்டு எங்காவது போய்விடுகிறேன் என்றார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. போனை வாங்கி, அவர் பிளாக் செய்தவர்களின் பட்டியலைத் திறந்தாள். முந்நூறு பேர்.

"முதல் ஆள் யாருண்ணே?"

செண்பகவல்லி. தையல் கடை வைத்திருப்பவள். இந்தக் காயினை நான் விற்க நினைக்கிற அன்றைக்கு யார் வாங்குவார்கள் என்று சேனலில் கேட்டிருந்தாள். ரசிகர்கள் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இவர் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டு பிளாக் செய்தார்.

"ஏன் பண்ணீங்க?"

"பதில் தெரியல டீச்சர்."

"அதைப் போய்ச் சொல்லுங்க."

அன்று சாயங்காலமே முந்நூறு பேரையும் திரும்பச் சேர்த்துவிட்டு லைவில் உட்கார்ந்தார். செண்பகவல்லியின் கேள்வியைப் பேரோடு வாசித்தார். அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது, தெரியாமல்தான் உங்களை வாங்கச் சொன்னேன் என்றார்.

திட்டு கொட்டியது. அவர் எழுந்து போகவில்லை. ஒவ்வொன்றையும் வாசித்தார். தெரிந்ததற்குப் பதில் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். இரண்டு மணி நேரம் கழித்து செண்பகவல்லியே வந்தாள்.

"சரி, அடுத்த கேள்வி கேக்கலாமா?"

கேளுங்கம்மா என்றார்.

மறுநாள் பூங்கோதையின் வகுப்புக்குள் மாப்பிள்ளை மாதிரி நுழைந்தார். திட்டியவர்களே ஆயிரக்கணக்கில் சிங்கம், மனுஷன்னா இவர்தான் என்று எழுதியிருந்தார்கள். போனை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "கேள்வியை மட்டும் படிங்கண்ணே. கைதட்டலைப் படிக்காதீங்க."

சரி டீச்சர் என்றார். மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் நாற்பது கைதட்டலைப் படித்துவிட்டார்.