மாலையோடு நிற்கிற நிலை

டி.எஸ்.பி. ஆளவந்தார் பிஸ்டல் சுட நிற்கும் அழகே தனி. நெஞ்சை நிமிர்த்தி, முதுகைப் பின்னால் சாய்த்து, ஒற்றைக் கையை நீட்டுவார். சுட்டதும் பிஸ்டல் உதைத்து வானத்தைப் பார்க்கும். எதிரே நிற்கிற அட்டையில் ஒரு ஓட்டைகூட விழாது.

"பிஸ்டல் கோளாறு. நாளைக்குப் போட்டியில எஸ்.பி. முன்னால அஞ்சு குண்டும் நடுவுல விழணும். இல்லேன்னா உனக்கு வேலை இருக்காது" என்று ஆயுதக் கிடங்கு ஏட்டம்மா சூசையம்மாளிடம் கத்தினார்.

பிஸ்டலில் கோளாறே இல்லை, நிற்கிற ஆளிடம்தான். அதை ஒரு ஏட்டு எந்த வாயால் சொல்வது?

மறுநாள், "சரி பண்ணிட்டேங்கய்யா" என்றாள். "ஆனா இனி இது ஒரே நிலையிலதான் ஒழுங்கா சுடும். மந்திரி கார்ல இருந்து இறங்கறப்போ மாலையோட நிப்பீங்களே, அப்படி நில்லுங்க."

அவருக்குப் பழகின நிலைதானே! கால் அகன்றது, முட்டி மடங்கியது, உடம்பு முன்னால் சாய்ந்தது, இரண்டு கையும் சேர்ந்து நீண்டன. உதைப்பை உடம்பே வாங்கிக்கொண்டது. ஐந்தும் நடு வட்டத்தில் விழுந்தன.

எஸ்.பி. அசந்துபோனார். "பிஸ்டல்ல என்னம்மா மாத்தின?"

"ஒண்ணும் மாத்தலைங்கய்யா. எண்ணெய்கூடப் போடலை."

மைதானமே சிரித்தது. எஸ்.பி.யும் சிரித்தார்.

மறுவாரம் ஆளவந்தாருக்குக் கேடயம் வந்தது. சூசையம்மாளுக்கு மெமோ வந்தது: பழுதில்லாத பிஸ்டலைப் பழுது பார்த்ததாகப் பொய் சொல்லி, மேலதிகாரியை ஏமாற்றிய குற்றம்.

அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருவர்கூட விசாரணையில் அவளுக்காக வாய் திறக்கவில்லை. ஆளவந்தாருக்கு முன்னால் எல்லாரும் அதே நிலையில் நின்றார்கள், முட்டி மடங்கி, உடம்பு முன்னால் சாய்ந்து.