பாதியில் நின்ற முள்

"மீட்டர்ல எல்லா முள்ளும் ஒரேயடியாச் செத்துக் கெடக்குதுங்க, மேஸ்திரி. எதப் புடிச்சு ஆரம்பிக்கறது?"

கேட்டவன் சென்னியப்பன். வயது ஐம்பத்திரண்டு. லாரி ஓட்டி இடது கால் கெட்டபின், ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஃபரிதாவிடம் தொழில் பழக வந்து ஐந்து மாதம். குருவுக்கு வயது முப்பத்தொன்று. ஆழியாறு சாலையில் இதைச் சொல்லிச் சிரிக்காத டிரைவர் இல்லை.

"எல்லாம் ஒண்ணாச் செத்தா, செத்தது ஒண்ணுதான்" என்றாள் ஃபரிதா. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பகல் தொழுகைக்கு வீட்டுக்குப் போய்விட்டாள்.

சென்னியப்பனுக்கு எரிச்சல் வந்தது. விடுகதை போடுகிற நேரமா இது?

வண்டி அவன் மருமகன் சதானந்தத்துடையது. பழைய பிக்கப். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் கோகிலாவையும் மூன்று மாதக் குழந்தையையும் வால்பாறைக்கு அழைத்துப்போக நேற்றே வந்து நிற்கிறது.

வியாழக்கிழமை. ஒன்றரைக்கு ராகு காலம். அது முடிந்து மூன்று மணிக்குக் கிளம்பினால் மலையில் பனிமூட்டம் இறங்கிவிடும். நாளைக்கோ வெள்ளி. வெள்ளிக்கிழமை பெண்ணை யாரும் அனுப்பமாட்டார்கள்.

"எஞ்சின் சூடு காட்டற ஹீட் முள்ளு இல்லாம நான் மலை ஏறமாட்டனுங்க, மாமா" என்று காலையிலேயே சொல்லியிருந்தான் சதானந்தம்.

அவன் பயத்தில் நியாயம் இருந்தது. போன மழைக்கு ஒன்பதாவது கொண்டை ஊசியில் இதே எஞ்சின் சூடேறி இறுகி, வண்டி பின்னால் உருண்டது. ஒரு பாறை தடுத்ததால் ஆள் பிழைத்தான்.

சென்னியப்பன் மூன்று பல்பைக் கழற்றினான். நான்கு ஒயரைச் சுரண்டினான். ஒரு முள்ளும் அசையவில்லை.

மணி ஒன்று.

அவன் சாவியிலிருந்து தனியாக ஒரு ஒயர் இழுத்தான். டப்பாவில் கிடந்த, கரண்டைக் குறைக்கிற சின்ன ரெசிஸ்டர் ஒன்றைத் தேடி எடுத்துக் கோத்தான். ஹீட் முள் எழுந்து, சரியாகப் பாதியில் நின்றது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

ரேடியேட்டரில் தண்ணீர் ரொப்பியாயிற்று, ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டான். ஒரு முறை போதவில்லை.

"ஹீட் முள்ளு செரியாயிருச்சுங்க, மாப்பிள்ளை. மத்ததப் பொறவு பாத்துக்கலாம்."

சதானந்தம் எட்டிப் பார்த்தான். "அப்பாடா" என்று பைகளை ஏற்றத் தொடங்கினான். பட்டறை நிழலில் காத்திருந்த கோகிலா குழந்தையோடு முன் சீட்டில் ஏறினாள்.

ஒன்று இருபதுக்கு ஃபரிதா வந்தாள். முள்ளைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் ஜன்னல் வழியே கைவிட்டுச் சாவியை அணைத்தாள். முள் விழுந்தது. மறுபடி திருப்பினாள், பாதி மட்டும். எஞ்சின் உறுமவில்லை. முள் எழுந்து அதே இடத்தில் நின்றது.

சென்னியப்பனின் கையைப் பிடித்து ரேடியேட்டர்மேல் வைத்தாள்.

"எப்படி இருக்கு, அண்ணா?"

"ஜில்லுனு இருக்குதுங்க."

"முள்ளு?"

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"ஏறுங்க" என்றாள் ஃபரிதா.

"எங்கீங்க?"

"வால்பாறைக்கு. பேரப்பிள்ளைய மடியில வச்சுக்கங்க. முள்ளப் பாத்துக்கிட்டே போங்க. அது பாதியத் தாண்டினா மாப்பிள்ளைய நிறுத்தச் சொல்லுங்க."

சென்னியப்பன் படியில் ஒரு கால் வைத்தான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் மைப்பொட்டு ஒரு ஓரமாகக் கலைந்திருந்தது. ஒன்பதாவது வளைவு அவனுக்குத் தெரிந்த வளைவு. அங்கே கொதித்தாலும் இந்த முள் பாதியிலேயே நிற்கும்.

காலைக் கீழே இறக்கினான்.

"நேரமாச்சுங்க, மாமா" என்றான் சதானந்தம்.

சென்னியப்பன் டாஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு ஒயரைப் பிடுங்கினான். ரெசிஸ்டரோடு வெளியே வந்தது. அதை மருமகன் கையிலேயே வைத்தான்.

"நாந்தானுங்க முள்ள நிறுத்தி வச்சேன். கொழந்தைய எறக்குங்க."

சதானந்தம் கையைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அப்பா, ராகு காலம் வந்துருமுங்க" என்றாள் கோகிலா.

"வரட்டும், சாமி."

அவன் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தான். இந்த முறை முள்ளைத் தேடவில்லை. எல்லா முள்ளுக்கும் எங்கிருந்து கரண்ட் பிரிகிறதோ, அதைத் தேடிக்கொண்டு போனான். ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது. அது உட்காரும் இடம் பச்சையாய்க் களிம்பு பூத்துக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி ஃபியூஸை அழுத்தினான்.

சாவியைத் திருப்பினார்கள். டீசல் முள் எழுந்தது. பேட்டரி முள் எழுந்தது.

"ஹீட் முள்ளு மட்டும் படுத்தே கெடக்குதே, மாமா" என்றான் சதானந்தம். இனி அவன் எதையும் சும்மா நம்புவதாக இல்லை. "அது செரியாகலீங்களா?"

சென்னியப்பன் ஃபரிதாவைப் பார்த்தான். அவள் முன்பக்கம் போய், அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அவன் பேனட்டுக்குள் கைவிட்டு ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்றே இருந்தது.

"செரியாயிருச்சுங்க, மாப்பிள்ளை."