அரபிக்கடலுக்குப் போன காவிரி

சோலையப்பனைச் சுற்றிப் பதில் சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். கேள்வியைக் காதில் வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அதனால் ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் என் கடை முன்னால் வந்து நின்றான்.

"வண்டியை எடு. சாத்தூருக்குப் போகணும்."

"யாரைப் பார்க்க?"

"ரத்தினபாய் டீச்சரை."

நான் கடையைச் சாத்திவிட்டேன்.

நானும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். படித்த நடுநிலைப் பள்ளியிலேயே அவன் இப்போது சமூக அறிவியல் ஆசிரியர். நான் அதே பள்ளிக்கு எதிரே நோட்டு, பென்சில், அவுட்லைன் மேப் விற்கிறேன். அவன் பிள்ளைகளை மேப் வாங்கிவரச் சொன்னால் எனக்கு வியாபாரம். எங்கள் சிநேகிதத்தில் கொஞ்சம் சுயநலமும் உண்டு, மறைப்பானேன்.

கதவைத் திறந்த டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாரு, திருச்சியா? கூட வந்திருக்கது பூம்புகாரா? உள்ள வாங்கய்யா."

எத்தனை வருஷமாயிற்று அந்தப் பெயரைக் கேட்டு.

ஏழாம் வகுப்பில் டீச்சர் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் தென்னிந்தியாவை வரைந்தார். மேப்பைச் சுவரில் மாட்டினால் பிள்ளைகள் வடக்கு கூரையில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும், தரையில் போட்டால்தான் வடக்கு வடக்கிலேயே இருக்கும் என்பது அவர் கட்சி. காவிரிக் கரை நெடுக எங்களை ஆளுக்கொரு ஊராக நிறுத்தினார். அன்றிலிருந்து அவருக்கு எங்கள் பெயர் அதுதான். ஈரோடு இப்போது துபாயில் இருக்கிறான். கரூர் காலமாகிவிட்டாள்.

சோலையப்பன் காபியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினான்.

"டீச்சர், நீங்க செஞ்சதைத்தான் நானும் செய்றேன். இன்னும் நல்லாவே செய்றேன். எங்க பிள்ளைங்களுக்கு மட்டும் ஏன் ஏற மாட்டேங்குது?"

"என்ன செஞ்ச?"

"லீவு முழுக்க உக்காந்து மைதானத்துல சிமெண்டுல மேப்பு போட்டேன். சுத்தி ஓரம் கட்டி, மலை எழுப்பி, பெயிண்ட் அடிச்சு. குடகுக்குக் குழாய் இழுத்திருக்கேன். திறந்தா மேட்டூர், ஈரோடு, திருச்சி எல்லாம் தொட்டு பூம்புகார்ல போய் விழும். ஒரு சொட்டு வெளிய சிந்தாது."

பொய்யில்லை. ஆபீசர்கள் வந்து அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மழை பெய்தாலும் கரையாத காவிரி எங்கள் ஊரில்தான் இருக்கிறது.

"பிள்ளைங்க என்ன சொன்னாங்க?"

"'சார், இது பரீட்சைக்கு வருமா'ன்னாங்க."

டீச்சர் சிரித்துவிட்டார். அவன் சிரிக்கவில்லை.

"வகுப்பு எனக்கு வரலை டீச்சர். திங்கக்கிழமை வட்டார ஆபீஸ்ல போய்ச் சேரப்போறேன். பள்ளிக்கூடங்கள்ல இருந்து வர்ற விவரத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை. நானே கேட்டு வாங்குனது."

எனக்கு இது புதுச் செய்தி. வண்டியில் வரும்போதுகூட அவன் வாயைத் திறக்கவில்லை. சங்கடமாக இருந்தது.

"அதான் போகப்போறியே. இங்க எதுக்கு வந்த?"

"ஏன் வரலைன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகலாம்னு."

டீச்சர் அவன் கையிலிருந்த காபியை வாங்கிக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு மைதானத்துல நான் என்ன செஞ்சேன்? சொல்லு."

சோலையப்பன் முகம் மாறிப்போயிற்று. ஏழாம் வகுப்புப் பையனின் முகம் அது.

"குடகுல நின்னு குடத்தைச் சாய்ச்சீங்க. தண்ணி வளைஞ்சு வளைஞ்சு வந்து என் கால்ல பட்டுச்சு டீச்சர். சில்லுன்னு இருந்துச்சு. போனா வாத்தியார் வேலைக்குத்தான் போகணும்னு அந்த நிமிசம் நினைச்சேன்."

"ஏய்யா திருச்சி, அப்படியா வந்துச்சு?" என்று டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"இல்லையே டீச்சர். மொதல்ல மங்களூருக்குல்ல போச்சு."

"மங்களூருக்கா?" என்றான் சோலையப்பன்.

போயிற்று. எங்கள் மைதானத்தில் டீச்சர் கோடு போட்ட பக்கம் மேற்கே சரிவு. குடகில் ஊற்றிய தண்ணீர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே அரபிக்கடலுக்கு ஓடியது. டீச்சர் காலிக் குடத்தோடு, "அய்யய்யோ, இப்ப என்னடா பண்றது?" என்று நின்றார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் சண்டை போட்டோம். ஆளுக்கொரு யோசனை. கரூர்தான், "மேக்க மேடு கட்டணும் டீச்சர்" என்று சொன்னாள்.

ஊர் இடத்தைவிட்டு நகரக்கூடாது என்பது சட்டம். ஈரோடு முதலில் ஓடினான். திருச்சியாகிய நானும் ஓடினேன். பாவாடையிலும் புத்தகப் பையிலும் மண் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினோம். டீச்சரும் சேலையைச் செருகிக்கொண்டு அள்ளினார். மேடு உயர உயர, தண்ணீர் யோசித்து யோசித்துக் கிழக்கே திரும்பியது. "இந்த மேட்டுக்குப் பேரு புத்தகத்துல இருக்கு, போய்ப் பாருங்க" என்றார் டீச்சர். அதுவரை மேற்குத் தொடர்ச்சி மலை என்றால் எனக்குக் காப்பிக் கலர் பென்சிலால் தேய்க்கிற ஒரு கோடு, அவ்வளவுதான். சேறு அப்பிய டவுசரோடு போய் வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

நான் சொல்லச் சொல்ல சோலையப்பன் யாரோ வேறு பள்ளிக்கூடத்தின் கதையைக் கேட்கிற மாதிரி கேட்டான்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதே."

"பூம்புகாரு கடலைப் பாத்துத்தான் நிக்கணும்னு சொல்லியிருந்தேன்" என்றார் டீச்சர். "முதுகுக்குப் பின்னாடி அம்புட்டுக் கூத்து நடந்துச்சு. நீ திரும்பலை. நல்ல பிள்ளை."

அதில் பாராட்டு அதிகம் இருந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

"சரி டீச்சர். ஆனா என் மேப்புல மலை சரியாத்தானே இருக்கு?"

"நாளைக்கு வாரேன். காட்டு."

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். நானும் கடையைத் திறக்கவில்லை. டீச்சர் மைதானத்துக்குள் நுழைந்து ஒரு நிமிஷம் நின்றார். எங்கள் காலத்தில் சுவரோரம் இருந்த வாகை மரம் இப்போது இல்லை. அது இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு நடந்தார்.

சிமெண்டு மேப்பைச் சுற்றி வந்தார். குனிந்து நீலகிரியைத் தடவிப்பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்குய்யா" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

ஏழாம் வகுப்பு வரிசையாக நின்றது. நாகஜோதி என்கிற பிள்ளை குழாயைத் திறந்தாள். காவிரி கிளம்பியது, எல்லா ஊரையும் தொட்டது, கடலில் விழுந்தது. குழாயை மூடினாள். எல்லாரும் கை தட்டினார்கள். சோலையப்பன் தட்டச் சொல்லியிருந்தான்.

டீச்சர் நாகஜோதியிடம், "ஒரு குடம் தண்ணி கொண்டாம்மா" என்றார்.

மைதானத்தின் மேற்கு ஓரத்தில், மோட்டார் ரூம் பக்கம், வெறும் தரையில் போய் நின்றார்.

"இதை இங்க ஊத்துனா எங்க போகும்?"

பிள்ளைகள் தரையைப் பார்க்கவில்லை. சோலையப்பன் முகத்தைப் பார்த்தார்கள். அவனும் வாயைத் திறந்துவிட்டான்.

"சரிவு கிழக்க ஸ்கூல் கேட்டுப் பக்கம் டீச்சர், அதனால..."

"உன்னையக் கேட்டனா? நீதான் திங்கக்கிழமை போறியே."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சார் போகிற விஷயம் அவர்களுக்கும் அப்போதுதான் தெரியும். நாகஜோதி மட்டும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க போகும்னு நினைக்கிறீகளோ அங்க போயி நில்லுங்க" என்றார் டீச்சர்.

யாரும் அசையவில்லை. பிறகு ஒருத்தன் கொடிக்கம்பத்துக்குப் போனான். நாலைந்து பேர் கேட்டுக்குப் போனார்கள். ஒரு கூட்டம் கழிப்பறைப் பக்கம் போய் நின்று சிரித்தது. டீச்சர் ஊற்றினார்.

எங்கும் போகவில்லை. கரிசல் மண் முழுக்குடத்தையும் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி கிடந்தது.

"ஏய், காணோம்!"

"இன்னொரு குடம் ஊத்துங்க டீச்சர்!"

அப்புறம் டீச்சர் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. குடமும் வாளியும் தானாக வந்தன. தண்ணீர் மெல்ல ஊர்ந்தது. எறும்புப் புற்றைச் சுற்றிக்கொண்டு போனது. பழைய வாலிபால் கம்பத்தின் குழியில் போய்த் தேங்கியது. "மேட்டூர் டேம்!" என்று ஒருவன் கத்தினான். குழி நிரம்பி வழிந்தபோது எல்லாரும் கத்தினார்கள். அவரவர் நின்ற இடத்தை விட்டுவிட்டுத் தண்ணீரோடு ஓடினார்கள். டீச்சரும் சேலையைச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினார். நானும் ஓடினேன், இந்தத் தொப்பையோடு. சோலையப்பன் சிமெண்டு மேப்பின் கிழக்கு ஓரத்தில், சொன்ன இடத்தில் நிற்கிறவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

தண்ணீர் நேரே வந்து அவன் மேப்பின் மேற்கு ஓரத்தில் முட்டியது. சிமெண்டு விடுமா? கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்பியது. தெற்கே சத்துணவுக் கூடம்.

"ஏய், எவ அவ தண்ணியத் தொறந்துவிட்டது? அரிசி மூட்டை தரையில இருக்குடி!" என்று சமையல் அம்மா உள்ளேயிருந்து கத்தினார்.

சிலர் மண்ணை அள்ளி வாசலில் அணை போட்டார்கள். அது நிற்கிற மாதிரி இல்லை.

"சார், நம்ம மேப்பு மறிக்குது சார்!"

"ஓரத்தை உடைச்சா உள்ள போயிரும்."

"உள்ள போனா? மலை இருக்குல்ல, அங்க மறிக்கும்."

நாகஜோதி ஓரத்தின் மேல் மண்டி போட்டு, மலையை ஒரு கையால் தடவிக்கொண்டே போனாள். கை ஓரிடத்தில் இறங்கியது.

"இங்க மலையே இல்ல! சந்து இருக்கு! பாலக்காடுன்னு போட்டிருக்கு!"

"நேரா அங்க உடைச்சா?"

"கோயமுத்தூருக்குள்ள வந்துரும். அப்படியே கரூரு, அப்படியே காவிரி, அப்படியே கேட்டு!"

பாலக்காட்டுக் கணவாயைச் சோலையப்பன் சரியான இடத்தில்தான் வைத்திருந்தான். அளந்து வைத்தது. அன்றுவரை ஒரு பிள்ளையும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை.

அவன் இப்போது மேற்குப் பக்கம் வந்துவிட்டிருந்தான். செருப்பு எங்கோ கிடந்தது. வேட்டி நுனியில் சேறு. டீச்சரிடம் மெதுவாகக் கேட்டான்.

"இங்க வந்து முட்டும்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா டீச்சர்?"

"தெரிஞ்சா எதுக்குய்யா ஊத்திப் பாக்குறேன்?"

நாகஜோதி எங்கிருந்தோ கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் உயரத்துக்கு இருந்தது.

"சார், உடைக்கட்டுமா?"

எல்லாப் பிள்ளைகளும் அவனைப் பார்த்தார்கள். அவன் மேப்பைப் பார்த்தான். அந்தக் கோடை முழுக்க வெயிலில் குனிந்து கிடந்தவன் அவன். அவன் மனைவிகூட என் கடைக்கு வந்து, "அவருக்கு எடுத்துச் சொல்லுங்கண்ணே" என்று புலம்பிவிட்டுப் போனார். அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"டீச்சர்" என்றான். "இதை உடைச்சுப்புட்டா, திங்கக்கிழமை நான் பிள்ளைங்களுக்கு எதைக் காட்டுறது?"

டீச்சர் சேலை நுனியைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்தார்.

"திங்கக்கிழமை நீ இங்கயாய்யா இருக்கப்போற?"

சோலையப்பன் நாகஜோதி பக்கம் போய்க் கடப்பாரையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.