நாற்பதாவது அடி

“டீச்சர், வாரவங்களுக்கெல்லாம் வருது. எனக்கு மட்டும் வரமாட்டேங்கு” என்றார் ஆறுமுகநயினார்.

அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. டீச்சர் ஜெனிதாவுக்கு முப்பத்திரண்டு.

தூத்துக்குடியில் பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் ஜெனிதா ஒரு நிகழ்த்துகலை நடத்திக்கொண்டிருந்தாள். நாடகம் என்று நினைத்து வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். மேடை கிடையாது, நடிகர் கிடையாது. வருகிறவர்தான் எல்லாம்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலை முதல் பாதம்வரை மூடுகிற வெள்ளை அங்கி ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். பேசக் கூடாது. உள்ளே அரை இருட்டில் ஒரு கை வந்து பிடிக்கும். மணல், ஈரச்சாக்கு, உப்பு என்று நாற்பது அடி கூட்டிப்போகும்.

நாற்பதாவது அடியில் ஜெனிதா நிற்பாள். “இது யாரோட கை?” என்று கேட்பாள். மனசில் வந்த பேரை அவள் காதில் சொல்ல வேண்டும். கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர், வந்தவரின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிட வேண்டும்.

அந்தக் கை ஆறுமுகநயினாருடையது.

“திரும்பி நடக்கும்போது விம்முற சத்தம் கேக்கு. என் கையில என்னத்தக் கண்டாங்களோ தெரியல. எனக்கு உலகம்மா கை ஞாபகத்துக்கு வரணும். அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்?”

உலகம்மாள் அவர் மனைவி. போய் இரண்டு வருஷம் ஆகிறது. முகத்துக்குப் போட்டோ இருக்கிறது. கைக்கு ஒன்றுமில்லை.

“நடக்கும்போது என்ன செய்றீங்க அண்ணாச்சி?”

“எண்ணுதேன்.”

“எதை?”

“அடியைத்தான். நீங்கதானே நாப்பதுன்னு சொன்னீங்க? இன்னைக்கு வரைக்கும் ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல.”

பெருமையாகவே சொன்னார். முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் மூட்டை எண்ணிய மனுஷர். மாடிப்படி ஏறினால்கூட உதடு அசையும்.

“அவங்க கடைசி நாளும் எண்ணுனீங்களா?”



“நிமிஷத்துக்கு இருபது சொட்டு இறங்கணும்னு நர்ஸம்மா சொன்னாங்க. அவ கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொட்டை எண்ணிக்கிட்டிருந்தேன். என்னமோ சொல்ல வந்தா. ‘இரு, எண்ணிக்கை விட்டுரும்’னேன்.”

“பிறகு?”

“பிறகு அவ சொல்லவே இல்ல.”

கட்டிலுக்கு மறுபக்கம் மகள் வடிவு நின்றிருந்தாள். அன்றோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். நாலு தெரு தள்ளித்தான் வீடு.

ஜெனிதா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நாலு நாளா ஒருத்தங்க வாராங்க அண்ணாச்சி. யாரோட கைன்னு கேட்டா தினமும் ஒரே பதில்.”

“என்ன பதில்?”

“எங்க அப்பா கை. மூட்டை எண்ணுன கை.”

ஆறுமுகநயினார் எழுந்துவிட்டார்.

“வடிவா? எத்தனை மணிக்கு வாரா? காலையிலயா, சாயங்காலமா?”

“சொல்லமாட்டேன்.”

“டீச்சர்!”

“நாலு நாளும் உங்க கையிலதான் இருந்தாங்க. என்கிட்ட கேக்கீங்களே.”

மறுநாள் கதவு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றார். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

வந்த கையை எல்லாம் பிசைந்து பார்த்தார். வளையல் உண்டா, மோதிரம் உண்டா, நகம் எப்படி. ஒரு காலேஜ் பெண் அங்கிக்குள்ளிருந்து “ஆ” என்று கத்தியேவிட்டது.

அன்றைக்கு மூன்று பேர் ஜெனிதாவின் காதில் ‘போலீஸ்காரர் கை’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் கேட்டார். “வந்தாளா?”

“வந்தாங்க.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது.

“ஒரு கை விடாமத் தேடுனேனே டீச்சர்.”

“நேத்துவரை எண்ணுனீங்க. இன்னைக்குத் தேடுனீங்க.”

“வேற என்னதான் செய்யச் சொல்லுதீங்க?”

ஜெனிதா தரையிலிருந்து கல்லுப்பு ஒரு கை அள்ளினாள். அவர் வலது கையை விரித்து, அதில் போட்டு, விரல்களை மடக்கிவிட்டாள்.

“நூறு கிராம் இருக்குமா?” என்றார் அவர். பழக்கதோஷம்.

அவள் சிரித்துவிட்டுக் கதவைப் பூட்டப் போனாள். கையை எப்போது திறக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

மூடிய கையோடு வீட்டுக்கு நடந்தார். இடது கையால் பூட்டைத் திறந்தார். இடது கையில் ஸ்பூனைப் பிடித்து இட்லி தின்றார். உள்ளங்கை பழைய வெடிப்பு விழுந்த கை. உப்பு ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கியது. டீச்சரை வாய்க்கு வந்தபடி திட்டினார். ஆனால் கையைத் திறக்கவில்லை. தூக்கத்தில் அதுவாகத் திறந்துகொண்டது.

காலையில் உள்ளங்கை சிவந்து கிடந்தது.

கிட்டங்கியில் முதல் கை வந்து விழுந்ததும் சுரீர் என்றது. மூன்று எண்ணுவதற்குள் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. அடுத்த கை ஐஸ்போல் இருந்தது. எட்டு வரை வந்தார், எரிச்சலில் எட்டும் போயிற்று. அடுத்தது நடுங்கியது. அதற்கடுத்தது எலும்பாக இருந்தது, எதையோ கெட்டியாகப் பிடித்துப் பிடித்துக் காய்த்திருந்தது.

பதினோரு மணிக்கெல்லாம் எண்ணுவதை விட்டுவிட்டார். தேடுவதும் மறந்துபோயிற்று. எரிகிற கையை நீட்டுவதும், அதில் எது வந்து விழுகிறதோ அதோடு நடப்பதுமாக இருந்தார். ஜெனிதா நிறுத்தும்போது நின்றார்.

கையை நீட்டினார்.

அடுத்த கை உடனே வரவில்லை. துணி உரசுகிற சத்தம் கேட்டது. வந்தவர் உள்ளங்கையை அங்கியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகுதான் நீட்டினார்.

அப்படியும் ஈரமாக இருந்தது.

உலகம்மாளுக்குக் கை வேர்க்கும். எதைத் தொடுவதானாலும் முந்தானையில் இரண்டு தரம் துடைத்துவிட்டுத்தான் தொடுவாள். மணவறையில்கூடத் துடைத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், போர்வையில் துடைத்துவிட்டுத்தான் அவர் கையைப் பிடித்தாள்.

அவர் நடந்தார். மணல் வந்தது. சாக்கு வந்தது. உப்பு வந்தது. வெடிப்புகளில் அந்த வேர்வை இறங்கி எரிந்தது. அவர் கையைத் தளர்த்தவில்லை.

ஜெனிதா நின்ற இடம் வந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை, ஒதுங்கி வழிவிட்டாள். இரண்டு பேரும் அவளைத் தாண்டிப் போனார்கள். சுவர் வந்தது. சுவரை ஒட்டித் திரும்பினார்கள். வாசலில் வரிசை நின்றுகொண்டிருந்தது.

அங்கிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“அப்பா, நாப்பது தாண்டிட்டு.”

“அப்படியா?” என்றார் ஆறுமுகநயினார்.