கருத்துப் போன தூளி

ஒரு ஊர்ல ஒரு வடிவு இருந்தா. அவளுக்கு ஒத்தப் பிள்ளை, கொம்பையா. தூளியில போட்டா நெஞ்சு "கீய்ங்... கீய்ங்"னு இழுக்கும். அதைக் கேட்டா வடிவுக்குச் சோறு இறங்காது. ம் சொல்லு.

வீடு மெயின்ரோட்டு மேல. லாரி போகும், "தடதடதட". ஒரு நாள் தூளிய அவுத்தா, வெள்ளை வேட்டி கரித்துணியா இருக்கு. "ஏங்க, இந்தக் கருப்பத்தானே பிள்ளை இழுக்குறான்! துணி வெளுப்பா இருக்குற ஊருக்குப் போயிருவோம்"னா. புருஷன் சங்கிலி, "சரி, மூட்டையக் கட்டு"ன்னான்.

அப்புறம் போனாங்க, போனாங்க, ஆத்தங்கரையில ஒரு ஊரு. தூளியத் துவைச்சுக் கட்டினா. அங்க செங்கச்சூளை. காத்து இந்தப் பக்கம் திரும்பினா "புஸ்ஸ்"னு புகை. மறுபடியும் கருப்பு, மறுபடியும் கீய்ங்.

அப்புறம் மலை ஏறுனாங்க. லாரி இல்ல, சூளை இல்ல. மழை, மரம், சிலுசிலுன்னு காத்து. வடிவு பிள்ளையக் குளிப்பாட்டி, ஜன்னலச் சாத்தி, எப்பவும் போல சாம்பிராணி போட்டுத் தூங்க வச்சா. சளி பிடிக்கக் கூடாதுல்ல, அதை மட்டும் அவ ஒரு நாளும் விட்டதில்ல. என்ன, தூங்கிட்டியா? ம் சொல்லு.

கொஞ்ச நாள் கழிச்சு தூளிய அவுத்தா... கருப்பு! வடிவு அப்படியே உக்காந்து அழுதுட்டா. "இனி எங்கங்க போறது? இதுக்கு மேல வானந்தான் இருக்கு!"

அப்போ சங்கிலி, வந்த அன்னைக்கு வெளிய கொடியில போட்டு மறந்த மாத்து வேட்டிய எடுத்துட்டு வந்தான். பளீர்னு வெள்ளை!

"வெளிய வெள்ளை, உள்ள கருப்பு. ஏ வடிவு, புகை நம்ம கூடவே வந்திருக்கு."

வடிவு சாம்பிராணிச் சட்டியப் பாத்தா. "அய்யோ, நானா!" பாவம், மலை வரைக்கும் அதைச் சுமந்துட்டு வந்தவளும் அவதானே. ஓடிப்போய்த் தண்ணிய ஊத்துனா, "சொய்ங்". ஜன்னலத் திறந்தா, "படார்".

அப்புறம் ஒரு மத்தியானம். வெளிய முத்தத்துல சோறு பொங்குறா. திடீர்னு பாத்தா, உள்ள சத்தமே இல்ல. கீய்ங் இல்ல. அவளுக்கு உசிரே போயிருச்சு! அகப்பையப் போட்டுட்டு ஓடுனா, நெஞ்சுல காது வச்சா.

மூச்சு. உள்ள... வெளிய... உள்ள... வெளிய. பூனைக்குட்டி மாதிரி.

"ஏங்க, இங்க வாங்க! ஒண்ணுமே கேக்கலங்க!"ன்னு சிரிச்சுக்கிட்டே அழுதா.

அவனும் தூங்கியாச்சு, அவங்கம்மாவும் நிம்மதியாச் சாப்பிட்டாச்சு. கதை இவ்வளவுதான். மூச்ச நல்லா இழுத்து விடு... ம், தூங்கு கண்ணு.